ஆறாத சரக்கு

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆட்டோக்களுக்கு பிரேக் ஷூ செய்யும் கம்பெனி. அதில் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கும் அனுசுயா, ஒரே தடவையில் செய்த ஒரு லாட் முழுவதற்கும், கடைக்குப் போகக் கூடாது என்று சிவப்பு அட்டை மாட்டச் சொன்னதோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். இரும்பு ஷூவின் மேல் லைனிங் பட்டையைப் பசை போட்டு ஒட்டி, அது இறுக ஓவனில் வைத்திருந்தபோது மின்சாரம் போய், சூடு பாதியில் இறங்கிவிட்டது. அந்த லாட்டிலிருந்து அவள் எடுத்த சாம்பிள், மெஷினில் வைத்து அழுத்தியதும் வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து வந்தது.

கம்பெனியில் இடம் கிடையாது. அதனால் பெட்டி போட்ட சரக்கெல்லாம் செம்பரம்பாக்கம் கோடவுனுக்குப் போய், அங்கே முடிவுக்காகக் காத்திருக்கும். கோடவுனுக்குப் பொறுப்பு அவள் தம்பி அருள். அங்கிருந்து சரக்கை ஏற்றிக் கடைகளுக்குக் கொண்டு போகும் வண்டிக்காரன் அவள் புருஷன் கோபி.

சிவப்பு அட்டை விழுந்த மறுநாள் காலையில் கோபி பேச்சை எடுத்தான்.

கள்ளிக்குப்பத்து வீட்டுச் சமையலறையில், தட்டில் இட்லி ஆறிக்கொண்டிருந்தது.

"தினேஷு விடாம போன் பண்ணிகினே கீறான். ஆவடிலேர்ந்து பூந்தமல்லி வரைக்கும் ஒரு கடையில கூட நம்ம பொட்டி இல்லியாம். ரேக்கு காலியாக் கீது. வேற கம்பெனிக்காரன் பூந்து ரொப்பிகினு கீறான். ஒரு தபா ரேக்கு கைய வுட்டுப் பூட்ச்சுன்னா பூட்ச்சு. திரும்ப வராது."

தினேஷ் ஆவடியில் மொத்த வியாபாரி. அந்தப் பக்கத்துக் கடைகள் எல்லாம் அவன் கையில்.

"ரெண்டாவது சாம்பிள இன்னிக்கு மெஷின்ல வெக்கிறேன்யா. தேறிச்சுன்னா பச்சை அட்டை போட்டுடறேன்."

"தேறலன்னா?"

"மொத்த லாட்டும் கம்பெனிக்கே திரும்பும்."

கோபி தட்டை நகர்த்தினான். "செஞ்சு முடிச்ச பொருளு. பொட்டி போட்டு, லேபிள் ஒட்டி, அடுக்கி வெச்சாச்சு. அப்புறம் இன்னாடி குந்திகினு கீது அங்க? முட்டையா அது, அடை காக்கறதுக்கு?"

"பொட்டி போட்டா முடிஞ்சுதுன்னு யாரு சொன்னா? ஓவன்லேர்ந்து வந்தது ஆறணும். ஆறினப்புறம் நான் உரிச்சுப் பாக்கணும். உரியலன்னாதான் அது பிரேக்கு. அது வரைக்கும் வெறும் இரும்பு."

"ஒரு சாம்பிள் உரிஞ்சா எல்லாம் உரியுமா?"

"உரியாதுன்னு உனுக்குத் தெரியுமா?"

அவன் எழுந்ததை அவள் பார்த்தாள். கை வந்ததைப் பார்க்கவில்லை.

முதல் அடியில் காதுக்குள் விசில் அடித்தது. இரண்டாவதில் அவள் தலை சாமான் அலமாரியின் விளிம்பில் மோதி, மேலே இருந்த எவர்சில்வர் டப்பாக்கள் சரிந்தன. தட்டு சுவரில் பறந்தது. கோபி அவள் கூந்தலைக் கொத்தாகப் பிடித்து முகத்தை நிமிர்த்தினான்.

"நான் வாக்கு குடுத்துகீறேன். புரியுதா? வெள்ளிக்கிழமைக்குள்ள கடையில சரக்கு இருக்கும்னு தினேஷாண்ட வாக்கு குடுத்துகீறேன். என் பொண்டாட்டி ஒரு அட்டையத் தொங்க வுட்டு என்ன நடுத்தெருவுல நிறுத்துவாளா? எல்லாரும் கேக்குறானுங்க, ஊட்ல யாருடா ஆம்பளன்னு."

அனுசுயாவின் நெற்றியிலிருந்து ரத்தம் இமை மேல் இறங்கியது. அவள் துடைக்கவில்லை.

"அடிச்சா பசை இறுகாதுய்யா," என்றாள்.

அவன் அவளைத் தரையில் தள்ளிவிட்டு, அடுப்பு மேடை மேல் இருந்த அவளுடைய போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். வாசலில் அவன் அம்மா வேம்புலியம்மாள் மாவுத் தூக்கோடு நின்றிருந்தாள். பஸ் ஸ்டாப் பக்கத்தில் தள்ளுவண்டியில் தோசைக்கடை வைத்திருப்பவள். கடைக்குக் கிளம்பின கோலத்தில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு இவ வேலைக்குப் போவல," என்று சொல்லி, பூட்டை அம்மா கையில் திணித்துவிட்டு கோபி போனான்.

"அத்தே, கதவச் சாத்தாதீங்க. அவரு கோடவுனுக்குத்தான் போறாரு. அருளு தனியாக் கீறான்."

வேம்புலியம்மாள் மருமகளின் நெற்றியைப் பார்த்தாள். பிறகு பார்வையை எடுத்துக்கொண்டாள்.

"சாயங்காலம் வரைக்கும் பொறுத்துகினு இரு. கோவம் தணிஞ்சு வந்துடுவான். ஆம்பளைய ரொம்ப எதுத்துகினா இப்படித்தான்."

கதவு சாத்தப்பட்டது. பூட்டு விழும் சத்தம் கேட்டது.

*

செம்பரம்பாக்கம் கோடவுனில் அருள் வேலையை ஆரம்பித்துவிட்டிருந்தான். பச்சை அட்டை போட்ட சரக்கு ஒரு பக்கம், சிவப்பு அட்டை போட்டது மறுபக்கம். நடுவில் மஞ்சள் கோடு. அந்தக் கோட்டைத் தாண்டி ஒரு பெட்டி நகர வேண்டுமானால் கம்பெனியிலிருந்து தகவல் வர வேண்டும்.

இந்த வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்ததே கோபிதான். அவன் கட்டிக்கொள்ளப் போகிற தாட்சாயிணி வீட்டில் பெண் கேட்டுப் போனபோதும் கோபிதான் முன்னால் நின்று பேசினான். "என் மச்சான், தங்கம்," என்று அவர்களிடம் அவன் சொன்னதை அருள் மறக்கவில்லை. நிச்சயதார்த்தம் அடுத்த மாதம்.

அருளின் போனில் செய்தி வந்தது. அக்காவின் நம்பர். "சரக்கு ஓகே. மாமாகிட்ட ஏத்தி விடு."

அருள் அதை இரண்டு முறை படித்தான். அக்கா அவனுக்கு டைப் அடித்து எதுவும் அனுப்பியதே இல்லை. பேசித்தான் அனுப்புவாள், அதுவும் 'டேய் அருளு' என்றுதான் ஆரம்பிப்பாள். திரும்பக் கூப்பிட்டான். மணி அடித்தது, கட் ஆனது. மறுபடி கூப்பிட்டான். மறுபடி கட்.

அதற்குள் கோபியின் மூடிய வண்டி பின்பக்கமாக வந்து ஷட்டர் வாசலில் நின்றது. கூடவே ஒரு கார். காரிலிருந்து தினேஷும் அவன் ஆட்களும் இறங்கினார்கள்.

"மச்சான், ஏத்து," என்றான் கோபி. சிரித்துக்கொண்டேதான் சொன்னான். "உங்கக்கா மெசேஜ் பாத்தல்ல?"

"பாத்தேன் மாமா. அக்காவாண்ட ஒரு வார்த்த பேசிடறேன். போன் எடுக்கல."

"அவ மெஷினாண்ட கீறா."

"அப்ப கம்பெனிலேர்ந்து மெயில் வரட்டும். பச்சை அட்டை ஒட்டாம ஒரு பொட்டி நகராது மாமா. உனுக்குத் தெரியாததா?"

தினேஷ் முன்னால் வந்தான். "இன்னா தம்பி, மெயிலு மெயிலுன்னுகினு? அங்க ஆட்டோக்காரனுங்க கடைக்கு முன்னால வண்டிய நிறுத்திகினு என் அம்மாவ இஸ்துத் திட்றானுங்க. பழைய ஷூவுல லைனிங் தேஞ்சு இரும்பு டிரம்மக் கடிக்கிதாம். சரக்கு இங்க மலையாட்டம் குந்திகினு கீது. நீ கோடு போட்டு வெளையாடுற."

"கோடு நான் போடலண்ணே."

"வழி வுடு."

அருள் மஞ்சள் கோட்டின் மேல் போய் நின்றான். "மாமா, இவங்கள வெளியப் போகச் சொல்லு."

தினேஷின் ஆள் ஒருத்தன் பெட்டி அடுக்கும் பேலட் பலகையிலிருந்து உருவிய மரச்சட்டத்தால் அவன் முழங்காலின் பின்பக்கத்தில் வீசினான். அருள் மடிந்து விழுந்தான். எழுவதற்குள் முதுகில் இன்னொன்று. சட்டம் உடைந்து, ஆணி இருந்த துண்டு அவன் தோளைக் கிழித்துக்கொண்டு போனது.

"அடிக்காதீங்கடா! ஏய்! பையன அடிக்காதீங்க!" என்று கோபி கத்தினான்.

அவர்கள் நிறுத்தவில்லை. கோபியும் இரண்டாம் முறை கத்தவில்லை. வண்டியின் பின்கதவைத் திறக்கப் போனான்.

கோடவுனின் உள்பக்கத்தில், பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற ஃபாரூக், பூந்தமல்லிக்காரர், அருளைவிட மூத்தவர். சத்தம் கேட்டதும் வண்டியை முழு வேகத்தில் கொண்டு வந்து, இரும்புக் கொம்புகள் குறுக்கே நிற்கும்படி ஷட்டர் வாசலை அடைத்தார். சாவியைப் பிடுங்கி உள்ளே இருட்டில் எறிந்தார்.

"இப்ப ஏத்துங்கடா பாக்கலாம்!"

அவரை இருக்கையிலிருந்து காலைப் பிடித்து இழுத்தார்கள். விழும்போது தாடை இரும்புப் படியில் மோதியது. வாயெல்லாம் ரத்தம். ஒருத்தன் அவர் வயிற்றில் உதைத்தான், மீண்டும் மீண்டும், மூட்டையை உதைக்கிற மாதிரி. காம்பவுண்டு காவலாளி தூரத்திலிருந்து ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனோடு கேட் பக்கம் ஓடினார்.

ஃபோர்க்லிஃப்ட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நுழையும் அளவுக்குச் சந்து இருந்தது. அதன் வழியாகக் கைக்குக் கை மாற்றிப் பெட்டிகளை வண்டிக்குள் எறிந்தார்கள். சிவப்பு அட்டைகள் கிழிந்து காலடியில் கிடந்தன.

பாதிக்கு மேல் ஏற்றியிருப்பார்கள். கேட் பக்கம் ஆட்கள் ஓடி வரும் சத்தம் கேட்டது. "போதும், கெளம்பு!" என்று தினேஷ் காருக்கு ஓடினான்.

அருள் ஊர்ந்தே அந்தச் சந்து வழியாக வெளியே வந்திருந்தான். எழுந்து, வண்டியின் பின்கதவு விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா, வோணாம். இது ரோட்டுக்குப் போனா ஆளு செத்துடுவான். சாம்பிள் உரிஞ்சுதுன்னு அக்கா சொல்லிச்சு. உனுக்கும் சொல்லிச்சு இல்ல?"

"கைய எட்ரா."

"எடுக்க மாட்டேன்."

"அருளு, கைய எட்ரா!"

"ஒன் காலப் புடிக்கறேன் மாமா..."

கோபி இரும்புக் கதவை முழு பலத்தோடு சாத்தினான்.

அருள் கத்தினது காம்பவுண்டுக்கு வெளியே டீக்கடை வரைக்கும் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். கதவு முழுசாக மூடவில்லை. நடுவில் அவன் வலது கை இருந்தது. கோபி அதைப் பார்த்தான். பார்த்தபடியே ஒரு மூச்சு நேரம் நின்றான். பிறகுதான் கதவைத் தளர்த்தினான். அருள் உருவி விழுந்ததும், மறுபடி சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு ஓட்டுநர் இருக்கைக்கு ஓடினான்.

*

அருள் மஞ்சள் கோட்டில் நின்றுகொண்டிருந்த நேரத்தில் அனுசுயா கள்ளிக்குப்பத்தை விட்டே கிளம்பியிருந்தாள்.

வீட்டின் பின்கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள், வெளியே கொக்கி. அவள் அம்மிக்குழவியைத் தூக்கிக் கொக்கி இருக்கும் இடத்தில் ஓங்கிப் போட்டாள். மரம் பிளந்தது. கை நழுவிக் குழவி கால் கட்டை விரலில் விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தூக்கினாள். பக்கத்து வீட்டு அம்மாள் மாடியிலிருந்து "இன்னாடி ஆச்சு?" என்று கேட்பதற்குள் கதவு பிய்ந்து தொங்கியது.

நெற்றியில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு நொண்டி வந்து, கிடைத்த ஆட்டோவில் ஏறினாள்.

"செம்பரம்பாக்கம். சீக்கிரம் போங்கண்ணா."

ஓட்டுநர் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தார். வண்டியை எடுத்தார். ஒவ்வொரு சிக்னலிலும் பிரேக் போடும்போது கீழே இரும்பும் இரும்பும் உரசி அலறியது.

"சத்தத்துக்கு பயப்படாதம்மா," என்றார் அவரே. "ஷூ தேஞ்சு போச்சு. மாத்தலாம்னா சரக்கே கெடைக்க மாட்டேங்குது. கம்பெனியில செஞ்சு வெச்சுகினு ஏன்தான் அனுப்ப மாட்றானுங்களோ. அவனுங்களுக்கு இன்னா, ஏசியில குந்திகினு கீறானுங்க. தெருவுல கீறவன் நான்தானே."

அனுசுயா பதில் சொல்ல வாயெடுத்தாள். எங்கே ஆரம்பிப்பது? உங்களுக்காகத்தான் நிறுத்தி வைத்தேன் என்றா? அதைச் சொன்னால், தேய்ந்த ஷூவோடு ஓட்டிக்கொண்டிருக்கிற இந்த மனுஷருக்கு அது நியாயமாகப் படுமா? இரண்டு பக்கமும் ஆபத்துதான். தேய்ந்தது சத்தம் போட்டு எச்சரிக்கும். பசை இறுகாத புதுசு எச்சரிக்காமல் உரிந்துவிடும். அந்த வித்தியாசம் அவளுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

"மெதுவாவே போங்கண்ணா," என்றாள்.

கோடவுன் காம்பவுண்டு கேட்டில் அவள் இறங்கியதும் கோபியின் வண்டி உள்ளேயிருந்து சீறிக்கொண்டு வந்தது.

அனுசுயா நகரவில்லை. நடுப்பாதையில், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். கண்ணாடிக்குப் பின்னால் அவன் முகம் தெரிந்தது. வாய் ஏதோ கத்திக்கொண்டிருந்தது. ஹாரன் அலறியது. பிரேக் போடுவான் என்றுதான் அவள் நினைத்தாள். காலையில் முடியைப் பிடித்தவன்தான். ஆனால் கொல்ல மாட்டான் என்று நினைத்தாள்.

அவன் பிரேக் போடவில்லை. கடைசி நொடியில் ஸ்டியரிங்கை ஒடித்தான். பக்கவாட்டுக் கண்ணாடி அவள் தோளில் இடித்து அவளைச் சுழற்றி எறிந்தது. வண்டி கேட் தூணை உரசிக்கொண்டு ரோட்டில் ஏறியது.

மண்ணிலிருந்து எழுந்து, தோளைப் பிடித்துக்கொண்டு அவள் உள்ளே ஓடினாள். ஷட்டர் வாசலில் ஃபாரூக் தன் சட்டையைக் கழற்றி எதையோ சுற்றிக்கொண்டிருந்தார். என்னவென்று அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு அது அருளின் கை என்று தெரிந்தது.

"அக்கா," என்றான் அருள். உதடு வெள்ளையாக இருந்தது. "மெசேஜ் நீ அனுப்பல இல்ல?"

"இல்லடா."

"எனுக்குத் தெரியும். நீ 'டேய்' போடல."

*

பூந்தமல்லியில் ஆஸ்பத்திரி. அருளை உள்ளே கொண்டு போன பிறகு டாக்டர் வெளியே வந்து, நடுவிரலையும் மோதிர விரலையும் காப்பாற்ற முடியாது என்றார். கையெழுத்து கேட்டார். அனுசுயா போட்டாள். அவளுடைய நெற்றியிலும் தையல் போட்டார்கள். வலி தெரியவில்லை.

ஃபாரூக்கின் தாடை வீங்கிக் கட்டு போட்டிருந்தது. அவரால் பேச முடியவில்லை. அருளின் போனை அவள் கையில் கொடுத்து, வாசலைக் காட்டி, தலையை ஆட்டினார். போ, நான் இங்கே இருக்கிறேன் என்று அர்த்தம்.

காவல் நிலையத்துக்குப் போகும் வழியில் கம்பெனி முதலாளி சிவராமனைக் கூப்பிட்டாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"ரெண்டாவது சாம்பிளை நானே நின்னு பார்த்தேம்மா," என்றார். "அதுவும் உரிஞ்சுடுச்சு. எங்கே இறக்கினான்னு எப்படியாவது கண்டுபிடி. ஒரு ஷூவைக் கூட ஆட்டோவுல மாட்டக் கூடாது."

மாலை வெயில் சாயும் நேரத்தில் அவள் பூந்தமல்லி காவல் நிலையத்தில் உட்கார்ந்திருந்தாள். எதிரே எஸ்.ஐ., நடுத்தர வயதுப் பெண்மணி, புகாரை அவரே எழுதிக்கொண்டிருந்தார்.

"பேரு?"

"அனுசுயா."

"வீட்டுக்காரர் பேரு?"

"கோபி."

"யார் மேலே புகார்?"

"கோபி. அப்புறம் தினேஷ். அவனோட ஆளுங்க."

பேனா நின்றது. "அதே கோபியா?"

"அதே கோபிதான் மேடம்."

எஸ்.ஐ. அவளை நிமிர்ந்து பார்த்தார். எழுதி முடித்து, காகிதத்தைத் திருப்பி வைத்தார். அவள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போதே வாசலில் சத்தம்.

வேம்புலியம்மாள். கோபியைத் தேடிக் கடைக்கு வந்த போலீஸ்காரர் வாயால் கேஸ் என்று கேட்டு ஓடி வந்திருந்தாள். கையில் இன்னும் மாவு ஒட்டியிருந்தது. காவலர் தடுத்ததைத் தள்ளிவிட்டு உள்ளே வந்து, அனுசுயாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். அடிபட்ட தோள். அனுசுயாவுக்குக் கண் இருட்டியது.

"ஏண்டி, தாலி கட்டுனவன் மேல கேஸா? எந்தக் குடும்பத்துலடி நடந்துகீது இது? என் புள்ளைய உள்ள வெச்சுட்டு நீ அந்த ஊட்ல வெளக்கு ஏத்திடுவியா? ஏதோ ஒரு வேகத்துல ஒரு அடி அடிச்சுட்டான். அதுக்கு?"

"எனக்கு வுழுந்த அடிக்கு இல்ல அத்தே," என்றாள் அனுசுயா. குரல் உயரவில்லை. "அருளுக்கு ரெண்டு வெரலு போயிடுச்சு. உங்க புள்ள கதவுல வெச்சு நசுக்கிட்டாரு."

வேம்புலியம்மாளின் பிடி தளர்ந்தது.

"நம்ம அருளா?"

"நம்ம அருளுதான்."

"பொய்யி."

"ஆஸ்பத்திரில போய்ப் பாருங்க. அப்புறம் என்ன வந்து அடிங்க. நான் இங்கயேதான் கீறேன்."

வேம்புலியம்மாள் சுவரோரம் இருந்த பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள். காலையில் பூட்டின கை மடியில் கிடந்தது. வாய் மட்டும் என்னவோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

அனுசுயாவின் மடியில் அருளின் போன் அதிர்ந்தது. திரையில் 'அக்கா' என்று வந்தது.

ஒரு கணம் அவளுக்கே விளங்கவில்லை. பிறகு உறைத்தது. அது அவளுடைய போன். காலையில் கோபி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டது.

"அவருதான்," என்றாள்.

எஸ்.ஐ. மேசையைத் தட்டிக் காட்டினார். அனுசுயா ஸ்பீக்கரைப் போட்டு, போனைப் புகார்க் காகிதத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"மச்சான்..." கோபியின் குரல் உடைந்திருந்தது. "டேய் அருளு, கை எப்படிடா கீது?"

"நான் பேசறேன்."

மறுமுனையில் ரயில் போகும் சத்தம் கேட்டது.

"அனு... அவன் கை..."

"ரெண்டு வெரல எடுத்துட்டாங்க."

அவன் அழுதான். பெரிய சத்தமாக, குழந்தை மாதிரி. அவள் காத்திருந்தாள்.

"சத்தியமா நான் பாக்கலடி. கதவு சாத்தும்போது..."

"பாத்த."

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டான். குரல் மாறியது. "ஒன் பக்கத்துல யாரு?"

"யாருமில்ல."

"ஆஸ்பத்திரிலதானே கீற?"

"ம்."

"எங்கம்மா எங்க? கடையில போன் பண்ணா எடுக்கல."

அனுசுயா கண்ணை உயர்த்தினாள். பெஞ்சில் வேம்புலியம்மாள் எழுந்து நின்றிருந்தாள். வாய் திறந்திருந்தது. 'கோபி, பேசாதடா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். காவலர் அவள் பக்கம் ஓர் அடி வைத்தார். எஸ்.ஐ. கையை நீட்டி அவரை நிறுத்தினார்.

வேம்புலியம்மாள் முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"வரல," என்றாள் அனுசுயா. "சரக்கு எங்க?"

"கேஸு குடுக்க மாட்டேன்னு சொல்லு. சொல்றேன்."

"குடுக்க மாட்டேன்."

"எம்மேல சத்தியமா?"

"ஒம்மேல சத்தியமா."

அவன் நீளமாக மூச்சு விட்டான். "திருநின்றவூர்ல கொஞ்சம் எறக்கினேன். ஸ்டேஷனாண்ட ஒரு மெக்கானிக் கட. மீதி வண்டியிலயே கீது, நானும் இங்கதான் கீறேன். தினேஷு போன ஆஃப் பண்ணிட்டான், அனு. எல்லாம் எந்தலையில வுட்டுட்டு ஓடிட்டான்."

"கடையில எறக்கினது அப்படியே கீதா?"

மறுமுனையில் ஓர் ஆட்டோ இன்ஜின் படபடத்தது.

"கேக்குறேன் இல்ல?"

"வண்டிங்க லைன் கட்டி நின்னுகினு இருந்துச்சு. எல்லாம் எத்தினி நாளா காத்துகினு கீறானுங்க. பொட்டியப் பிரிச்ச கையோட மாட்ட ஆரம்பிச்சுட்டான். நான் வோணாம்னு சொல்லலாம்னுதான்... வாய் வரல. இப்பகூட ஒரு ஆட்டோ கெளம்புது. டியூஷன் பசங்கள இட்டாரப் போறானாம்."

எஸ்.ஐ. ஏற்கெனவே தொப்பியை எடுத்திருந்தார். வயர்லெஸ்ஸில் தாழ்ந்த குரலில் பேசத் தொடங்கினார். அனுசுயா மேசையின் விளிம்பை இறுகப் பற்றிக்கொண்டாள். செம்பரம்பாக்கத்தில் பார்த்த கை கண்முன் வந்தது. இங்கிருந்து திருநின்றவூர் எவ்வளவு தூரம் என்று அவளுக்குத் தெரியும். எந்த ஜீப் கிளம்பினாலும் அந்த ஆட்டோவை முந்தாது.

அவள் என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள், முந்தானை பறந்தது. வேம்புலியம்மாள் மேசை மேல் கவிழ்ந்து, போனுக்கு அருகில் வாயை வைத்து, தெருமுனை வரை கேட்கிற தன் கடைக் குரலில் கத்தினாள்:

"டேய் கோபி! அந்த ஆட்டோ பின்னாலயே ஓடுடா! வண்டியக் குறுக்கால வுட்டு நிறுத்து! நிறுத்துடா பாவி!"

"எம்மா...?" என்றான் கோபி. "நீ எங்கேர்ந்து பேசுற?"

எஸ்.ஐ.யின் கையில் வயர்லெஸ் கரகரத்தது. அதை அவனும் கேட்டிருக்க வேண்டும்.

வண்டிக் கதவு திறந்து அறைந்து சாத்தும் சத்தம் வந்தது. இன்ஜின் உறுமியது. அவன் ஆட்டோவைத் துரத்திக் கிளம்பினானா, இல்லை போலீஸுக்குப் பயந்து கிளம்பினானா?

லைன் அறுந்தது.